வருண லிங்கத்தோடு நின்ற சுற்று

அப்பாதுரை மேஸ்திரிக்கு அறுபத்து மூன்றாவது வயதில் தூக்கம் போனது. அதுவரை தூக்கத்தை அவர் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. வேலை நடக்கிற இடத்தில் சிமெண்டு மூட்டை மேல் சாய்ந்தாலும் தூங்குவார், மணல் குவியல் மேல் துண்டை விரித்தாலும் தூங்குவார். பக்கத்தில் கலவை மெஷின் கடகடவென்று சுற்றிக்கொண்டிருக்கும். அது நின்றால்தான் விழிப்பார்.

அடி அண்ணாமலையில் பிறந்தவர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. பத்து வயதில் செங்கல் சுமந்தார், பதினாறில் கரணை பிடித்தார், இருபத்தாறில் சொந்தமாக வேலை எடுத்துச் செய்தார். கைதூக்கிவிட மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. திருவண்ணாமலை டவுனிலும் வேங்கிக்காலிலுமாக எண்பத்தாறு வீடு அவர் கட்டியது. எண்பத்தாறில் ஒன்றும் ஒழுகியதில்லை. ஆங்கிலத்தில் இருக்கிற வரைபடத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் எந்தத் தூண் எங்கே வருகிறது என்று விரலை வைத்துக் காட்டுவார். படித்த இன்ஜினியர்கள் மூன்று பேர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "மேஸ்திரி, இதுக்குக் கம்பி எவ்வளவு குடுக்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று பேர் பெயரையும் அவர் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அப்படிப்பட்ட மனிதருடைய தூக்கம் ஒரு போன் அழைப்பில் போய்விட்டது.

ஆடி மாதம், பகல் பதினோரு மணி. கூப்பிட்டது கீதாஞ்சலி. வேங்கிக்காலில் அவர் கடைசியாகக் கட்டிக் கொடுத்த வீட்டின் சொந்தக்காரி, வங்கியில் வேலை பார்ப்பவள். பிரசவத்துக்குப் போளூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

"மேஸ்திரி, பொண்ணு பொறந்திருக்கா. ஆடி கழியட்டும்னு இருக்கோம். ஆவணி மூணாந்தேதி வேங்கிக்கால் வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றோம். அன்னைக்கே தொட்டில்ல போடறோம். ஹால்ல நீங்க வெச்சுக் குடுத்தீங்களே கொக்கி, அதுலதான். நீங்க அம்மாவையும் கூட்டிட்டு வந்துடணும்."

"வந்துடறேம்மா, வராம?" என்றார் மேஸ்திரி.

விஷயம் இதுதான். அந்த வீட்டு மேல்தளத்துக்குக் காங்கிரீட் போட்டது போன வருடம் சித்ரா பௌர்ணமி அன்று. நாள் குறித்தவள் கீதாஞ்சலி, அவளுக்கு அது நல்ல நாள். இந்த ஊரில் வேலை தெரிந்த எந்த மேஸ்திரியும் பௌர்ணமியில் தளம் போட மாட்டான். அதுவும் சித்ரா பௌர்ணமியில் லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்ற வருகிறது, லாரி ஒன்றும் ஊருக்குள் நுழைய முடியாது. செண்ட்ரிங் வேலைக்கார தருமன் அப்போதே சொன்னான், "ணா, வேணாம்ணா, ஒரு நாள் தள்ளிப் போட்டுக்கலாம்" என்று. தருமன் அவரோடு இருபத்தைந்து வருடமாகப் பலகை அடிப்பவன்.

"இந்த ஊரு ரோடு எனக்குத் தெரியாதாடா? திதி மத்தியானத்துக்கு மேலதான் பொறக்குது. பதினோரு மணிக்கெல்லாம் தளத்தை மூடிட்டு நானே மலை சுத்தப் போறேன் பாரு" என்று வீட்டுக்காரி முன்னால் மார்தட்டினார் மேஸ்திரி.

திதி மத்தியானத்துக்கு மேல்தான் பிறந்தது. ரோட்டை விடியற்காலையிலேயே மூடிவிட்டார்கள். பாதித் தளம் போட்டு முடித்தபோது ஜல்லி தீர்ந்தது. மீதி ஜல்லியோடு வந்த லாரி ஊருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி, சுற்று வழியில் ஓட்டிக்கொண்டு வந்து சேர்க்க ஐந்து மணி நேரம். சித்திரை வெயிலில் ஐந்து மணி நேரம் என்றால் போட்ட காங்கிரீட் பாறை மாதிரி ஆகிவிடும். தளம் என்பது ஒரே மூச்சில் போட வேண்டிய சமாச்சாரம். பாதியில் நிறுத்திவிட்டுப் பிறகு போட்டால் பழசும் புதுசும் ஒட்டாது, நடுவில் ஒரு ஜாயிண்ட் விழும். மேஸ்திரி ஓரத்தைக் கொத்திவிட்டு, சிமெண்டுப் பால் ஊற்றி, மீதியைப் போட்டு மூடினார். மேலே பூசிய பிறகு யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் தருமனும். தொட்டில் கொக்கி அந்த ஜாயிண்டுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் அவர் அதை நினைக்கவே இல்லை. தளம் ஒழுகவில்லை, விரிசல் விடவில்லை. இப்போது அந்தக் கொக்கியில் ஒரு குழந்தை தொங்கப்போகிறது. தொட்டில் என்றால் சும்மாவா இருக்கும்? ஆட்டுவார்கள். மூன்று வயது வரை ஆட்டுவார்கள்.

முதல் நாள் புழுக்கம் என்று சொல்லிக்கொண்டார். இரண்டாம் நாள் மின்விசிறி சத்தம் என்றார். நான்காம் நாள் மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கி வந்தார். அதைப் போட்டால் உடம்பு மரக்கட்டையாகக் கிடந்தது, மண்டை மட்டும் முழித்துக்கொண்டு தளத்தையே பார்த்தது. பகலில் வேலை நடக்கும் இடத்தில் நின்றுகொண்டே கண் சொருகியது. ஒருமுறை சாரத்தின் மேலேயே சொருகி, தருமன் இடுப்பு வேட்டியைப் பிடித்து இழுத்ததால் தப்பினார்.

"இன்னாணா, வூட்ல தூங்க மாட்டியா?"

"எனக்கென்னடா, கட்டை மாதிரி தூங்கறேன். நேத்து கொஞ்சம் அலுப்பு, அவ்ளோதான்."

கட்டை மாதிரி தூங்குகிறவரா இல்லையா என்பது மனைவி பச்சையம்மாளுக்குத்தான் தெரியும். ஒரு ஆள் பக்கத்தில் புரண்டுகொண்டே கிடந்தால் பாயில் படுத்திருப்பவளுக்குத் தெரியாதா? முப்பத்தெட்டு வருடமாக அவருடைய குறட்டையைக் கேட்டுப் பழகியவள். குறட்டை நின்றுபோனதும் அவளுக்குப் பயமாகிவிட்டது.

"இன்னா ஓடுது மனசுல?" என்று ஒரு சாயங்காலம் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஒண்ணும் ஓடல. நீ கொழம்பை ஊத்து."

"பத்து நாளா ஒண்ணும் ஓடாமத்தான் விட்டத்தைப் பாத்துக்கினு கெடக்கறீங்களா? எனக்குச் சொல்லாட்டி போங்க. படுக்கச்சொல்ல சாமியையாவது கும்பிட்டுட்டுப் படுங்க. நான் பண்ற மாதிரி மலை சுத்துங்க."

பச்சையம்மாளுக்கு மூட்டு வலி வந்து ஆறு வருடமாகிறது. நடந்து மலை சுற்ற முடியாது. அதனால் படுத்துக்கொண்டு சுற்றுகிறாள். நெற்றியில் விபூதி வைத்து, கண்ணை மூடி, ராஜகோபுரத்து முன்னால் செருப்பைக் கழற்றுவதாக நினைத்து ஆரம்பிப்பாள். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம் என்று ஒவ்வொன்றாக நின்று, "அண்ணாமலையாரே" என்று ஒரு கும்பிடு, பிறகு நடை. எட்டு லிங்கமும் பதினாலு கிலோமீட்டரும். சுற்று முடிவதற்குள் தூங்கிவிடுவாள்.

மேஸ்திரி சிரித்தார். "காலை நீட்டிப் படுத்துக்கினு கிரிவலமா? நான் சின்ன வயசுலயே தம்பியைத் தோள்ல தூக்கி வெச்சிக்கினு நடந்தவன்டி. எத்தினி பௌர்ணமி, எத்தினி தீபம்!"

சிரித்தாரே தவிர, அன்றைக்குப் படுத்ததும் சுற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

"சுத்திட்டேன்டி. ஒண்ணும் தூக்கம் வர்ல."

"அதுக்குள்ளயா? ஆட்டோல போனீங்களா?"

"எட்டு லிங்கத்துக்கும் கும்பிடு போட்டாச்சு. அப்புறம் இன்னா?"

"நடந்து போகணும்ங்க. கால்ல கல்லு குத்தணும். டீக்கடைக்காரன் கூப்புடணும், சாமியாருங்க உக்காந்திருக்கணும், கொரங்கு வரணும். ஓடிப்போயி ஓடியாந்தா அதும் பேரு சாமி கும்பிடறதா?"

மறுநாள் நடந்தார். நடந்தால் அவர் கண்ணுக்கு வேறு என்ன தெரியும்? அக்னி லிங்கத்துப் பக்கம் ஒரு கடையின் மதில் சுவர் தெரிந்தது, அது அவர் முப்பது வயதில் கட்டியது. எம லிங்கத்தைத் தாண்டினால் ஒரு லாட்ஜ், அதன் மாடிப்படி அவர் போட்டது. ஒவ்வொன்றாகப் பார்த்து, "நம்ம வேலைதான்" என்று சொல்லிக்கொண்டே போனார். அண்ணாமலையாருக்கே சுற்றிக் காட்டிக்கொண்டு போவது மாதிரி இருந்தது. நிருதி லிங்கத்துப் பக்கம் மரங்கள் அடர்ந்த இடம். அங்கே அவர் கட்டியது ஒன்றும் இல்லை. சும்மா நடந்தார். வருண லிங்கத்தில் கும்பிட்டது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அசந்துவிட்டார்.

அசந்தது பத்து நிமிடம் இருக்கும். தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தார். பாதியில் விட்டுவிட்டோமே என்று. கிரிவலம் போகிறவன் பாதியில் ஆட்டோ பிடித்து வீட்டுக்குத் திரும்பினால் அது கிரிவலமா? ஊரில் ஒருத்தன் ஒத்துக்கொள்வானா? முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி ராஜகோபுரத்திலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை தூங்கிவிடக் கூடாது என்று நிமிர்ந்து உட்கார்ந்து, தொடையைக் கிள்ளிக்கொண்டு, ஈசான்ய லிங்கம் வரை போய்ச் சேர்ந்தார். அப்போது பால்காரன் சைக்கிள் மணி கேட்டது.

நான்கு நாள் இதே கதை. தூக்கம் வரத்தான் சாமி கும்பிட ஆரம்பித்தார். இப்போது சாமி கும்பிட்டு முடிப்பதற்காகத் தூக்கத்தை விரட்டிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் செம்மண் நிறமாகிவிட்டது.

பச்சையம்மாள் காலையில் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"நீங்க இன்னாதான் பண்றீங்க? மெதுவா கண்ணு சொருகுது, உடனே குதிச்சு எழுந்துக்கறீங்க."

"வருண லிங்கத்துகிட்ட தூக்கம் வந்துடுது. பாதியில விட முடியுமா? மொதல்லேர்ந்து போறேன்."

"அட கடவுளே! யாருங்க மொதல்லேர்ந்து போகச் சொன்னது? நான் ஆறு வருசத்துல ஒரு நாளும் முழுசா சுத்தினதில்ல. தூங்கிடறேன். மறுநாளு விட்ட எடத்துலேர்ந்து நடக்கறேன். நிருதி லிங்கம்னா நிருதி லிங்கத்துலேர்ந்து."

"அது எப்படி ஒட்டும்? நேத்து போட்டது காஞ்சி போயிருக்கும். இன்னிக்குப் போடறது அதுமேல ஒட்டாது."

பச்சையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மலை இன்னா உங்க காங்கிரீட்டாங்க? ஒட்டறதுக்கு! அது பாட்டுக்கு அங்கயேதான் நிக்குது. நீங்க தூங்கினா அதுவா எழுந்து போயிடப் போவுது? நீங்க சுத்தி முடிச்சாத்தான் அண்ணாமலையாருக்குக் காரியம் ஆவணுமா?"

மேஸ்திரி காபியைக் குடிக்காமல் அவளையே பார்த்தார். அவள் ஏதோ பேச்சுக்குச் சொன்னாள். அவருக்கு வேறு எங்கோ போய்க் குத்தியது. தூக்கத்தைக் கெடுத்த காங்கிரீட்டையே கிரிவலத்திலும் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். பிள்ளை நன்றாக இருக்க வேண்டும், தளம் நன்றாக நிற்க வேண்டும் என்று எட்டு லிங்கத்திலும் கேட்டாரே ஒழிய, என்ன நடந்தது என்று ஒரு லிங்கத்திலும் வாயைத் திறக்கவில்லை. அண்ணாமலையாருக்குத் தெரியாது என்றா நினைத்தார்? தெரியும். தெரிந்தவரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

அன்றைக்குப் படுத்ததும் வருண லிங்கத்திலிருந்து ஆரம்பித்தார். முதலில் கூச்சமாக இருந்தது, நடுவில் வந்து வரிசையில் நுழைகிற மாதிரி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனால் அடி அண்ணாமலை, அவர் பிறந்த ஊர். கோயிலுக்கு எதிரில் நின்றார். கும்பிட்ட கையோடு, "சாமி, சித்ரா பௌர்ணமில தளம் போட்டேன். ஜல்லி வர்ல. பாதியில நின்னுபோச்சு. பூசி மறைச்சிட்டேன். தெரியும்னு சொல்லிக்கினு பண்ணேன், தப்பு என்னுது" என்றார். அவ்வளவுதான். தளத்தைக் காப்பாற்று என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. சொல்லிவிட்டு வாயு லிங்கத்தைப் பார்த்து நடந்தார். போய்ச் சேரவில்லை.

காலையில் பச்சையம்மாள் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தபோது மேஸ்திரியின் குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி இருந்தது. எழுப்பாமல் அடுப்பைப் பற்றவைத்தாள்.

எழுந்தவர் குளித்தார், வெள்ளை வேட்டி கட்டினார். மண்டை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. செய்ய வேண்டியது என்ன என்பதில் சந்தேகமே இல்லை. பதினைந்து நாளாக அது தெரியாமலா இருந்தது? முழித்துக் கிடந்த மண்டையில் அதற்கு இடமில்லாமல் இருந்தது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "போயி சொல்லிட்டு வாங்க" என்றாள்.

போளூர் பஸ்ஸுக்கு நின்றவரை, போனில் விஷயம் கேட்ட தருமன் பஸ் ஸ்டாண்டுக்கே ஓடிவந்து மடக்கினான்.

"ணா, உனக்கு இன்னா பைத்தியமா? ஒரு சொட்டு ஒழுவல. யாருக்கும் தெரியாது. நீயா போயி மாட்டிக்குவியா? ஊரு பூரா பேரு நாறிடும்."

"நீ அன்னிக்கே வேணாம்னு சொன்ன. நான் கேக்கல. இன்னிக்கு வேணாம்ங்கற, இதையும் கேக்கல. சாயங்காலம் முட்டு கொடுக்க ஜாக்கி பத்து எடுத்துக்கினு வேங்கிக்காலுக்கு வந்துடு."

போளூரில் கீதாஞ்சலி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வாங்க மேஸ்திரி, விசேஷத்துக்கு முன்னாடியே வந்துட்டீங்களா?" என்று சிரித்தாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ஒரு தடவை சாமியிடம் சொல்லிப் பழகியதால் வார்த்தை தடுக்கவில்லை. எந்த இடத்தில் ஜாயிண்ட், கொக்கி எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் நின்றது, எல்லாம் சொன்னார்.

கீதாஞ்சலியின் முகம் மாறிவிட்டது.

"இத்தனை மாசமா அதுக்குக் கீழதான் நாங்க படுத்துத் தூங்கினோம் மேஸ்திரி. வயித்துப் புள்ளையோட."

"ஆமாம்மா."

"இப்ப வந்து சொல்றீங்க."

"இப்பத்தாம்மா சொல்ல வந்துது."

"நாள் குறிச்சப்பவே பௌர்ணமி வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேக்க மாட்டேனா? நீங்கதான் பெருசா சொன்னீங்க, எனக்குத் தெரியாத ரோடான்னு."

கீதாஞ்சலி தன் கணவன் பிரசாத்துக்கு போன் போட்டு, வீட்டைத் திறந்துவிடச் சொன்னாள். காபி கொடுக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

சாயங்காலமே தருமனும் அவரும் ஹாலில் ஜாயிண்ட் நெடுக ஜாக்கி நிறுத்தி முட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரேவதி என்கிற இன்ஜினியரம்மா வந்து பார்ப்பதாக ஏற்பாடு. என்ன சொல்வாளோ, தளத்தையே உடைக்கச் சொல்வாளோ, யாருக்குத் தெரியும்? அப்படியே கவலையோடுதான் மேஸ்திரி படுத்தார். விபூதி வைத்துக்கொண்டு, வாயு லிங்கத்திலிருந்து நடந்தார். குபேர லிங்கத்தில் எப்போதும் கூட்டம். இந்த முறை நிதானமாகக் கூட்டத்தில் நின்றார். கவலை பக்கத்திலேயே நின்றது, அதுவும் ஒரு ஆள் மாதிரி. நிற்கட்டும் என்று விட்டுவிட்டார். வரிசை நகர்வதற்குள் தூங்கிவிட்டார். முடிவு தெரியாமலே ஒரு மனிதன் தூங்கலாம் என்பது அறுபத்து மூன்று வயதில்தான் அவருக்குத் தெரிந்தது.

ரேவதி சின்னப் பெண். கையில் ஒரு சுத்தி மாதிரிக் கருவி, உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது என்று காட்டுகிற இன்னொரு கருவி. தளத்தில் இங்கே அங்கே என்று நாற்பது இடத்தில் வைத்து அழுத்திப் பார்த்து எழுதிக்கொண்டாள். மேஸ்திரி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஜாயிண்ட் இருக்குது. நல்லாவே தெரியுது. ஆனா கம்பி ஜாஸ்தியா போட்டிருக்கீங்க, அதனால தளம் தன் வெயிட்டைத் தாங்குது. ஆடற லோடு எதையும் அந்தக் கொக்கியில மாட்டக் கூடாது. ஜாயிண்டுக்குக் கீழ ஒரு இரும்பு பீம் குடுத்துடுங்க. அப்புறம் பயமில்ல" என்றாள்.

"கம்பி விஷயத்துல நான் எப்பவும் கம்மி பண்றதில்லம்மா. பெரிய பெரிய இன்ஜினியர் மூணு பேரு..." என்று ஆரம்பித்தவர் கீதாஞ்சலியின் கணவன் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

பீமை அவரே வாங்கி, நான்கு நாளில் ஏற்றி முடித்தார். குறித்தபடி ஆவணி மூன்றாம் தேதி விசேஷம் நடந்தது. கடையிலிருந்து ஸ்டாண்டு தொட்டில் வாங்கிவந்து அதில் குழந்தையைப் போட்டார்கள். மேஸ்திரியையும் பச்சையம்மாளையும் யாரும் கூப்பிடவில்லை.

புரட்டாசியில் தருமன் ஒரு சேதி கொண்டுவந்தான். கீதாஞ்சலி வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டப்போகிறார்களாம். வேலையைச் செங்கம் ரோட்டிலிருந்து வருகிற ஒரு இளவட்ட மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டார்களாம்.

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா ணா?"

"சொன்ன, சொன்ன. பலகையை நேரா அடி."

மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. தான் கட்டிய வீட்டு மேல் இன்னொருத்தன் செங்கல் வைக்கிறது எந்த மேஸ்திரிக்கும் பொறுக்காது. சாப்பிடும்போது பச்சையம்மாளிடம் சொன்னார், அந்தப் பையனுக்கு லெவல் பார்க்கத் தெரியுமா என்றார், மாடிப்படியை எப்படித் திருப்பப் போகிறான் பார்க்கலாம் என்றார். பச்சையம்மாள் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள்.

"இன்னிக்கு எங்கேர்ந்துங்க?" என்று விளக்கை அணைக்கும்போது கேட்டாள்.

"இடுக்குப் பிள்ளையார் தாண்டி. ஈசான்யம் பாக்கி."

"நான் இன்னும் எம லிங்கத்தையே தாண்டல" என்றாள் அவள்.

மேஸ்திரி அதற்குள் தூங்கிப்போயிருந்தார்.